பேசியவர்கள் பெயர்

பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவுக்கு
நான் தலைவியான கதை இவ்வளவுதான்:
என் கையெழுத்து
கடைசி பெஞ்சுவரை தெரிந்தது.

சார் இல்லாத வேளைகளில்
பலகையின் இடது ஓரம் ஒரு கோடு கிழித்து
பேசியவர்கள் பெயரை எழுதவேண்டும்.
அதுதான் பதவி.
ஒரு சாக்பீஸ், ஒரு கோடு,
நாற்பத்தேழு வாய்.

விஜினின் பெயரைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.
பாதி, அவன் பேசியது.
மீதி, அவன் பேசுவான் என்று நான் நினைத்தது.
குலசேகரத்து ஜூன் மழை
ஓட்டில் விழுந்து இரையும்போது
யார் வாய் அசைந்தது, யார் வாய் பேசியது,
ஒன்றும் பிடிபடாது.
அன்றும் எழுதினேன்.
எழுதாத தலைவியை யார் மதிப்பார்கள்?

அஜிலாவின் பெயர்
ஒருநாளும் அந்தக் கோட்டுக்குள் வந்ததில்லை.
நல்ல பிள்ளை என்றார்கள்.
நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்,
வருகைப் பதிவேட்டில் அவளுக்கு நான் போட்ட
'தா'க்களை எண்ணிப் பார்க்கும்வரை.
'தா' என்றால் தாமதம்.
முப்பத்தொன்று.

பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் அவள் குடியிருப்பு.
தோணியில் கடந்து,
ரப்பர் தோட்டத்துக்குள் நடந்து,
எட்டு ஐம்பது பஸ்.
அதற்கு முந்தையது ஆறரைக்கு;
அந்நேரம் தண்ணீர்மேல் பனி, கரை தெரியாது.
அவள் வந்து சேரும்போது
முதல் பாடவேளை முடிந்திருக்கும்.
முதல் பாடவேளை கணக்கு.
காலாண்டில் பதினெட்டு மார்க்.
அப்படித்தான் அவள்
கணக்கு வராதவள் ஆனாள்.

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்று நிமிடம்.
முதல் மணி கேட்டபின்
புட்டின் கடைசி வாயை விழுங்கிக்கொண்டே
ஓடிவந்து வரிசையில் நின்றுவிடுவேன்.
நேரந்தவறாமைக்கு இரண்டு சான்றிதழ்கள்
எங்கள் வரவேற்பறையில் தொங்குகின்றன.
அதை என் ஒழுக்கம் என்றே நம்பியிருந்தேன்.
அது எங்கள் வீட்டு விலாசம்.

ஒரு திங்கட்கிழமை
நாகர்கோவிலிலிருந்து வந்த ஒருவர்
மைக்கில் தன்னம்பிக்கை சொல்லித் தந்தார்.
என்னால் முடியும், என்னால் முடியும்,
மூன்றுமுறை கத்தினோம்.
கைதட்டல் ஓய்ந்தபோது
கேட்டைத் திறந்துகொண்டு அஜிலா வந்தாள்.
நம்பிக்கைக்கும் ஒரு 'தா' போட்டேன்.

மதியம் சோற்றுப் பாத்திரம் கழுவுமிடத்தில்
உனக்கு யார் தோணி தள்ளுவார்கள் என்று கேட்டேன்.
"நாந்தான் தொழையது."
ஏழு பிள்ளைகள், அதில் இரண்டு ஒண்ணாம் கிளாஸ்.
"காத்து மாறினா பாதியில திருப்பீருவேன்.
அம்மைமாரு எனக்க கையில தானே விடுதாவ."
சத்தம் போடுகிற பிள்ளைகளை என்ன செய்வாய்?
"போடட்டு. பேசாம இருக்கப்பட்டதைத்தான் பாக்கணும்.
அது பயந்திருக்கும்."

குழாயை மூட மறந்து நின்றேன்.
அவள்தான் மூடினாள்.

தலைமையாசிரியர் அறைக்கு மனுவோடு போனபோது
எழுத்து தெளிவாக இருந்தது, குரல் இல்லை.
கணக்கை மூன்றாம் வேளைக்கு மாற்றவேண்டும்.
"ஒரு பிள்ளைக்காகவா?"
ஆமா சார். ஒரு பிள்ளைக்காகத்தான்.
சொன்ன பிறகுதான் முழங்கால் நடுங்கியது.
கால அட்டவணையை மேசையில் விரித்தார்.
பன்னிரண்டாம் வகுப்பு இடித்தது, லேப் இடித்தது.
கடைசியில் செவ்வாயும் வியாழனும் மட்டும் கிடைத்தன.
பி.டி. பீரியட் போய்விட்டதென்று
விஜின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
பிறகு, தன் பழைய கணக்கு நோட்டை
அவள் பெஞ்சில் போட்டுவிட்டுப் போனான்.
உபயோகமில்லாத நோட்டு;
பாதி விடைகள் தப்பு.

அந்தத் தப்புகளில் ஒன்றைத்தான்
மூன்றாம் வியாழன், சார் வெளியே போயிருந்தபோது
அஜிலா கண்டுபிடித்துச் சிரித்தாள்.
பக்கத்துப் பெண்ணிடம் காட்டினாள்.
பின்னால் திரும்பி விஜினோடு சண்டையிட்டாள்.
சாக்பீசோடு நான் கோட்டருகே நின்றேன்,
எழுதவா வேண்டாமா என்று.

"எனக்க பேரையும் எழுது பிள்ளே" என்றாள்,
"நான் பேசினேம்லா."

எழுதினேன்,
கடைசி பெஞ்சுவரை தெரிகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை முதல் வேளை, கணக்கு.
பஸ் இன்னும் எட்டு ஐம்பதுதான்.
பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
பேனாவை மூடியிருக்கிறேன்.